தலைகீழாகப் பிடித்த மரம்

மாடிப்படி ஏறி வந்த நர்ஸின் ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறுகாலில் பழுப்புச் செருப்பு. அது அவளுக்கே தெரியாது. கீழே டயர் கடைக்காரர், "அண்ணி மேலதான் இருக்காங்க, போங்க" என்றபோது அவர் கண் அவள் காலிலேயே இருந்ததையும் அவள் கவனிக்கவில்லை. பாவம், மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவளுக்குச் செருப்பு ஜோடி சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன.

மேலே சின்ன அறை. மேசை மேல் இரண்டு கணினிகள். அவற்றின் பின்னால் நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண்மணி ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ஹெட்போன் ஒயரைத் தொங்கவிட்டிருந்த ஒருவன் ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க. ஊரே இவங்களை அண்ணின்னுதான் கூப்பிடும். ஆனா சொந்தக் கொழுந்தன் நான் ஒருத்தன்தான். கிருமியோட மரபணுவைப் படிச்சு, அது எங்கேயிருந்து வந்துதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் அண்ணி தொழில். கிருமிக் கேஸ்ல அண்ணி கையை வெச்சா..."

"நீ கொஞ்சம் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார் அண்ணி. பிறகு நர்ஸைப் பார்த்து, "தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க. அவசரமில்லை" என்றார்.

அவசரம் இருந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் விசாரணைக் குழு கூடுகிறது. நர்ஸ் வேலை பார்க்கும் டயாலிசிஸ் வார்டில் நான்கு நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியிருந்தது. கல்லீரலை மெல்ல அரிக்கும் கிருமி அது, ரத்தத்தின் வழியாகப் பரவுவது. தனியறையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவருக்கும் இருந்தது. வார்டில் இருந்த நான்கு பேருக்கும் ரத்தம் எடுத்துக் கொடுத்தவளே இவள்தான். கடைசியில் இவள் ரத்தத்தையும் எடுத்தார்கள். இவளுக்கும் இருந்தது.

நர்ஸ் கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். கிளை கிளையாக விரிந்த ஒரு படம். கிளை நுனிகளில் ஒன்று முதல் ஆறு வரை எண்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தாய்க்கிளை மாதிரித் தனியாக நின்றது ஆறு.

"ஆறு நான்தான் மேடம். கிருமியோட மரபணுவை எல்லாம் ஒப்பிட்டு, யார்கிட்டேயிருந்து யாருக்குப் போச்சுன்னு கம்ப்யூட்டர் போட்ட மரமாம். என்கிட்டேயிருந்துதான் எல்லாருக்கும் போயிருக்காம். நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுவாங்க."

"யார் சொன்னாங்க?"

"தலைமை டாக்டர். அவர் மேல தப்பில்லை மேடம், ரொம்ப வருத்தப்பட்டார். 'கம்ப்யூட்டர்னா எனக்கு ஆகவே ஆகாதும்மா, மெயிலைக்கூட என் மகதான் திறந்து கொடுப்பா. மரம் சொல்லுது, நான் என்ன செய்ய'ன்னார்."

கொழுந்தன் படத்தைப் பிடுங்காத குறையாக எட்டிப் பார்த்தான். அண்ணி அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"எண் எப்படிப் போட்டாங்க?"

"லேபுக்கு ரத்தம் வந்த வரிசையில. நாலு நோயாளி, அப்புறம் தனியறைக்காரர், கடைசியா நான்."

"சரி. உங்களுக்கு எப்படி வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?"

நர்ஸ் இதற்காகத்தான் பயந்திருந்தாள். கட்டைவிரலை மற்றொரு கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தனியறையில எங்களுக்கு வேலை கிடையாது. அவர் டாக்டரோட மாமனார். வார்டு கட்டிக் கொடுத்ததே அவர்தான். மாமனாருக்கு டாக்டர்தான் தன் கையால எல்லாம் பண்ணுவார். நாங்க விரிப்பு மாத்த மட்டும் போவோம். ஒரு நாள் விரிப்புக்குள்ள ஊசி கிடந்திருக்கு. என் விரல்ல ஏறிடுச்சு. ரத்தம் அந்த விரிப்புலயே சொட்டுச்சு. சொன்னா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லலை. எனக்கு முன்னாடியே கிருமி இருந்து, அந்த ரத்தத்துலதான் அவருக்குப் போயிருந்தா? அப்புறம் வார்டுல நாலு பேருக்கும்..."

கொழுந்தன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

"டாக்டர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார் அண்ணி, ஏதோ மழை வருமா என்று கேட்பதுபோல.

"தங்கமானவர் மேடம். அதிர்ந்து பேச மாட்டார். நோயாளிக்குக் குளிருதுன்னா தன் சால்வையைக் கொடுத்துடுவார். எதையும் வீணாக்க விடமாட்டார். ரத்தம் உறையாம இருக்க ஹெபாரின் போடுவோம்ல, மாமனாருக்குப் போட்டது போக மீதி பாட்டிலைக்கூட கோட்டுப் பையில போட்டு எடுத்துட்டு வந்து எங்க மருந்துத் தட்டுல வெச்சிடுவார்."

அண்ணி டீ கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் உங்களைக் காப்பாத்துறேன்னு சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்றேன். போதுமா?"

"அதுதான் வேணும் மேடம். நான்தானா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க. ஆமான்னாலும் பரவாயில்லை. தெரியாம இருக்கிறதுதான் உசுரை எடுக்குது."

"செருப்பைப் பார்த்தாலே தெரியுது" என்றார் அண்ணி. நர்ஸ் குனிந்து பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது.

அன்று மாலை வீட்டில் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டபோது நர்ஸ் விலகி நின்றாள். கட்டிப்பிடித்தால் அந்தக் கிருமி ஒட்டாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள்தான். தனக்கென்று வந்தபோது அந்தப் பாடம் எங்கே போனதோ தெரியவில்லை. தன் தட்டைத் தனியாகக் கழுவினாள். மகள் அதை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸைவிட அந்தப் பார்வைதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

குழு கூடிய அறைக்கு நர்ஸுடன் அண்ணியும் கொழுந்தனும் வந்திருந்தார்கள். நீள மேசை, மூலையில் ஒரு போலீஸ்காரர். நிர்வாகி அம்மாள் நடுவில், தலைமை டாக்டர் அவருக்கு வலப்பக்கம். கணினிப் பிரிவுப் பையன் மடிக்கணினியோடு ஓரத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நோயாளிகள் சார்பில் வந்திருந்தார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கிருமி தொற்றிய நால்வரில் ஒருவர், மூன்றாம் படுக்கைக்காரர். வாரம் மூன்று தடவை அவர் கையில் ஊசி ஏற்றியவள் நர்ஸ்தான். இப்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவர் நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"படம் தெளிவா இருக்கு" என்றார் டாக்டர் மெதுவான குரலில். "எனக்கு இந்த சாஃப்ட்வேர் சமாச்சாரம் எல்லாம் தெரியாது. ஆனா மேலே இருக்கிறது ஆறுன்னு யாருக்கும் தெரியும்."

"அங்கேதான் சிக்கல்" என்றார் அண்ணி. "தம்பி, அதைக் கழட்டு."

கொழுந்தன் தன் கழுத்திலிருந்த ஹெட்போன் ஒயரைப் பெருமையோடு கொடுத்தான். அண்ணி அதைக் கண்டக்டரிடம் நீட்டினார்.

"ஐயா, இதுக்கு மூணு நுனி இருக்கு. காதுல மாட்டுறது ரெண்டு, போன்ல சொருகுறது ஒண்ணு. சொருகுற நுனியைப் பிடிச்சுத் தூக்குங்க. என்ன தெரியுது?"

"அது மேலே இருக்கு. மத்த ரெண்டும் கீழே தொங்குது."

"இப்ப ஒரு காதைப் பிடிச்சுத் தூக்குங்க."

கண்டக்டர் தூக்கினார். "இப்ப இது மேலே. மத்த ரெண்டும் கீழே."

"ஒயர் மாறுச்சா?"

"ஒயர் எங்கே மாறுது? நான் பிடிச்ச இடம்தான் மாறுச்சு."

"அவ்வளவுதான் விஷயம்" என்றார் அண்ணி. "கிருமி பெருகும்போது அதோட மரபணுவுல சின்னச் சின்னப் பிழை விழும். ஒரே மாதிரி பிழை இருக்கிற கிருமிகளை மென்பொருள் பக்கத்துல பக்கத்துல சேர்க்கும். யார் யாருக்கு நெருக்கம்னு அது சொல்லும். யார் முதல்னு தானா சொல்லாது. இந்த மரத்துக்கு வேர் கிடையாது. ஆனா படம்னு வரைஞ்சா யாரையாவது மேலே வெச்சுத்தானே ஆகணும்? நாம சொல்லலைன்னா, கோப்புல முதல்ல இருக்கிறவங்களைப் பிடிச்சுத் தூக்கிடும்."

அண்ணி பழைய படத்தை மேசை நடுவில் வைத்து ஆறைத் தொட்டுக் காட்டினார்.

"இவங்க ரத்தம் கடைசியா வந்தது. எண் ஆறு. அப்ப ஒண்ணுதானே மேலே இருக்கணும்? ஆறு எப்படி முதல்ல போச்சு? அதை அப்புறம் பார்ப்போம். வேர் எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு..."

"அந்த வெளியூர்க் கிருமியைச் சேர்த்தாலும் ஒண்ணும் மாறப்போறதில்லை" என்று குறுக்கிட்டார் டாக்டர். "வீண் வேலை."

அண்ணி அவரை நிதானமாகப் பார்த்தார்.

"எந்த வெளியூர்க் கிருமி டாக்டர்?"

டாக்டர் எதிரில் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"நான் வழி இருக்குன்னுதான் சொன்னேன். என்ன வழின்னு சொல்லலை. இவங்க யாரோடவும் சம்பந்தமில்லாத ஒரு கிருமியை மரத்துல சேர்த்தா, அது வந்து ஒட்டுற இடம்தான் வேர். இது எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். மெயில் திறக்கத் தெரியாதவருக்கு இது எப்படித் தெரிஞ்சுது?"

கணினிப் பையன் நகத்தைக் கடிப்பதை நிறுத்தினான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"தம்பி, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் நிர்வாகி. "சொல்லு."

"நான் முதல்ல சேர்த்துத்தான் போட்டிருந்தேன் மேடம். வெளியூர்க் கிருமி ஒண்ணு. டாக்டர் வந்து பார்த்தார். அதை எடுத்துடு, ஆறை முதல்ல போடு, படம் தெளிவா இருக்கும்னார். பெரிய டாக்டர் சொல்றாரே, சரியாத்தான் இருக்கும்னு..."

"எடுத்ததைத் திருப்பிச் சேரு" என்றார் அண்ணி.

பையன் விசைகளைத் தட்டினான். சுவரில் விழுந்த வெளிச்சத்தில் பழைய படம் மறைந்து, புதியது கிளை கிளையாக விரிந்தது. நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள். ஆமான்னாலும் பரவாயில்லை என்று சொன்னதெல்லாம் பொய். ஆமென்றால் அவளால் தாங்க முடியாது.

"கண்ணைத் திறங்க" என்றார் அண்ணி அவள் காதருகே. "ஒவ்வொருத்தர் ரத்தத்துலேருந்தும் பல கிருமிகளை எடுத்துப் படிச்சிருக்காங்க. மத்தவங்க கிருமி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. புதுசா வந்தது. அஞ்சாம் எண்காரரோடது மட்டும் வேரிலேருந்தே பல பக்கமா விரிஞ்சிருக்கு. பல வருஷமா உடம்புல இருந்திருக்கு. அவர் கிளை ஒண்ணுலேருந்து நாலு நோயாளிகளும் கிளம்புறாங்க. நீங்க எங்கே இருக்கீங்க பாருங்க."

ஆறு ஓர் ஓரத்தில், ஐந்தாம் எண்காரரின் வேறொரு கிளையின் நுனியில், துளிர் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு நோயாளிகள் இருந்த பக்கத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே இல்லை.

"ஊசி குத்தினதுல உங்க ரத்தம் அவர்கிட்டே போகலை. அவர் ரத்தம் உங்ககிட்டே வந்தது. அதையும் நீங்க தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுத்தான் மூணு நாளா பயந்திருக்கீங்க."

"அப்ப எங்களுக்கு எப்படி வந்துது?" என்றார் கண்டக்டர்.

"மரம் மட்டும் அதைச் சொல்லாது ஐயா. இவங்க சொன்னாங்க, நல்ல குணம்னு நினைச்சு. தனியறையில திறந்த ஹெபாரின் பாட்டில், மீதியோட, டாக்டரோட கோட்டுப் பையில வார்டுக்கு வந்திருக்கு. மாமனாருக்குப் போட்ட ஊசியையே அதுல திரும்ப விட்டு உறிஞ்சியிருந்தா, ஒரு துளி ரத்தம் போதும். அந்த பாட்டில்லேருந்துதான் உங்க நாலு பேருக்கும் போட்டாங்க."

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்கு இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் கடைசியில். "வெளியே தெரியக்கூடாதுன்னார். இந்த வார்டு அவர் பேர்ல இருக்கு. ஒரே ஊசிதானே, அவசரம்னு... வேணும்னு பண்ணலை."

"வேணும்னு பண்ணாதது அது" என்றார் அண்ணி. "ஆறை எடுத்து முதல்ல போட்டது?"

மூலையில் இருந்த போலீஸ்காரர் எழுந்து வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

நர்ஸ் அன்று வீட்டுக்குப் போனதும் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் இறக்கிவிடவில்லை. மகளுக்குச் செய்த பரிசோதனையில் கிருமி இல்லை. நர்ஸும் மற்றவர்களும் மாத்திரை சாப்பிட்டார்கள். சில மாதங்களில் எல்லோர் ரத்தமும் சுத்தமென்று வந்தது. வேலைக்கு வா என்று நிர்வாகி சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் காலை. மூன்றாம் படுக்கை. புது ஊசி, புது மருந்து, உறை கிழித்ததைக் கண்டக்டரிடமே காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தும் ஊசியைப் பிடித்தபடி குத்தாமல் நின்றாள்.

"இன்னொரு சிஸ்டரை வரச் சொல்லட்டுமா ஐயா?"

கண்டக்டர் தலையணையோரம் கிடந்த கையை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"அன்னைக்கு நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். வீட்டுக்குப் போயி சாப்பிடவே முடியலை. நீயே குத்தும்மா."

"பயமா இருக்கு ஐயா."

"எனக்கும்தான். வேற யார் குத்தினாலும் இதைவிடப் பயமா இருக்கும். குத்து."

அவள் நரம்பைத் தடவிப் பார்த்து, மூச்சை இழுத்துக்கொண்டு, ஊசியை ஏற்றினாள்.