நீர்த்துப்போன கஞ்சி

"என் தம்பி பொண்டாட்டி எங்க அப்பாவக் கொல்லப் பாக்குறா" என்றாள் துப்பறிவாளரைத் தேடி வந்தவள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுடைய அப்பாவுக்கு நீராக எதைக் கொடுத்தாலும் புரையேறும். நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. கெட்டியான மாவுக் கஞ்சி மட்டும்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காய்ச்சுவது தம்பி மனைவி. மதியம் ஊட்டுவது மகள், இரவில் தம்பி மனைவி.

"நான் ஊட்டுறப்ப மட்டும் பாதியிலயே தண்ணியாயிடுது. அப்பாவுக்குப் புரையேறி மூச்சுத் திணறுது. அவ ஊட்டினா கடைசி வரைக்கும் கெட்டியா இருக்கு. பழி என் மேல விழணும்னு எதையோ கலக்குறா. நாளைக்கே போலீசுக்குப் போறேன்."

துப்பறிவாளர் செருப்பை மாட்டிக்கொண்டார். அவருடைய கூட்டாளியான கம்பவுண்டர் அதற்குள் மருந்துப் பையோடு வாசலில் நின்றார். யாரையாவது கைது செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

வீட்டில், மதியம் மிஞ்சிய கஞ்சி கிண்ணத்தில் தண்ணீராக நின்றது. அடுப்படிப் பாத்திரத்தில் இருந்ததோ கெட்டியாகவே இருந்தது. தம்பி மனைவி யார் முகத்தையும் பார்க்காமல் பாத்திரம் துலக்கினாள்.

"முழியே சரியில்ல" என்று கம்பவுண்டர் கிசுகிசுத்தார்.

துப்பறிவாளர் மகளிடம் திரும்பினார். "நீங்க எப்படி ஊட்டுவீங்க?"

"ஒவ்வொரு வாயும் என் நாக்குல வச்சு சூடு பாத்துட்டுத்தான். அவளுக்கு அந்த அக்கறை ஏது? கொஞ்சங்கொஞ்சமா வேற கிண்ணத்துல ஊத்தி ஊட்டுவா. எச்சில்னா அவ்வளவு அருவருப்பு."

துப்பறிவாளர் கம்பவுண்டரின் பையிலிருந்து அயோடினை எடுத்தார். கெட்டிக் கஞ்சியில் கொஞ்சம் எடுத்து, வேண்டுமென்றே தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒரு சொட்டு விட்டார். நீலமானது. மிஞ்சிய கஞ்சியிலும் விட்டார். வெறும் பழுப்புதான்.

"மாவுச்சத்து பட்டா அயோடின் நீலமாகும். வெறும் தண்ணி கலந்திருந்தா இதுவும் நீலமாயிருக்கும். இதுல மாவுச்சத்தே உடைஞ்சு சர்க்கரையாயிடுச்சு. அத உடைக்கிற நொதி நம்ம எல்லார் எச்சில்லயும் இருக்கு, அமைலேஸ்னு பேரு. ஸ்பூன் வாய்க்குப் போயிட்டுக் கிண்ணத்துக்குத் திரும்புறப்பல்லாம் அதுவும் உள்ள போகுது. தனியா ஊத்தி ஊட்டுறதால அவங்க கஞ்சி கெடல."

கம்பவுண்டர் மருந்துப் பையை மூடினார். மகளின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப, அப்பா மூச்சுத் திணறினதெல்லாம் என்னாலயா?"

"தெரியாம நடந்தது" என்றார் துப்பறிவாளர்.

தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், அண்ணி" என்றாள். பிறகு வேறொரு கிண்ணத்தை எடுத்து அவளிடம் நீட்டி, "இதுல தனியா ஊத்தி, ராத்திரிக்கு நீங்களே ஊட்டுங்க" என்றாள்.

"வேண்டாம்மா, எனக்குப் பயமா இருக்கு. நீயே ஊட்டு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்குறேன்."