வண்டிக்கும் தரைக்கும் நடுவே

வண்டியின் அடிவயிறு துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. மாமனாருக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான்.

எந்த வண்டியைத் தூக்கிப் பார்த்தாலும் காய்ந்த சேறும், எண்ணெய்க் கசிவில் ஒட்டிய மண்ணும், துரு தின்ற போல்ட்டுகளும் கண்ணில் பட்டாக வேண்டும். பேருந்துப் பணிமனையில் ஆயுளின் பாதியைக் குழிக்குள் நின்று அண்ணாந்தபடியே கழித்தவர் அவர். அழுக்கில்லாத அடிப்பக்கத்தை அவர் கண்டதே இல்லை. இந்த வண்டியிலோ சட்டம் பளபளத்தது. போல்ட்டுகளின் தலையில் புதுக் கிரீசு மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருந்தது. ஈரத்துணியால் அப்போதுதான் துடைத்ததுபோன்ற புளித்த வாசனை வேறு.

துடைத்தது யார் என்பதுகூடப் பெரிதில்லை. எப்படித் துடைத்தான் என்பதுதான் கேள்வி. பாரம் சுமப்பதற்கென்றே பிறந்த பிக்கப் வண்டியை எவனோ ஒரு புத்திசாலி, அழகு என்று எண்ணித் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்திருந்தான். வேகத்தடையைக் கண்டால் அது நோயாளியைப்போல் ஊர்ந்தது. அதன் அடியில் ஒரு பூனை நுழைந்தால், முதுகைச் சிராய்த்துக்கொண்டுதான் மறுபக்கம் வர முடியும்.

"யார் மாப்பிள்ளை இதைத் தொடச்சது?"

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மாப்பிள்ளை சிரித்தார். "யாரும் தொடைக்கலையே மாமா. வாங்கினதுலேருந்து இன்னைக்குத்தான் நானே அடிப்பக்கத்தைப் பார்க்கறேன். வித்தவர் மட்டும் ஒண்ணு சொன்னார். அடியில நீங்க எதுவும் பண்ண வேணாம், அது பாட்டுக்கு நடக்கும்னார்."

"அடியில வேலைக்காரன் யாரையாவது குடி வச்சிருந்தாரோ?"

"இருந்தா நல்லாத்தான் இருக்கும் மாமா. நான் ஏன் இங்க படுத்துக் கெடக்கணும்?"

மாமனார் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை என்பது அவர் மகளின் திருமணத்தன்றே எடுத்த முடிவு. மாப்பிள்ளையோடு பேசும்போதெல்லாம் தோளுக்கு அப்பாலுள்ள சுவரையோ மரத்தையோ பார்த்துத்தான் பேசுவார். அந்த முகத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இத்தனை ஆண்டுகளில் அவர் மாப்பிள்ளையிடம் கவனித்தவை சட்டைக் காலர், அழைத்தால் மெதுவாக வரும் செருப்புச் சத்தம், இப்படிப்பட்ட வண்டியை ஆசைப்பட்டு வாங்கும் அறியாமை ஆகியவை மட்டுமே.

தாழ்த்தியதன் பலனாகப் பின்சக்கரங்கள் இரண்டும் தலையை உள்ளே சாய்த்து, குடிகாரன் கால்களைப்போல் அகன்று நின்றன. உள்விளிம்பில் டயர்கள் நூல் தெரியத் தேய்ந்துவிட்டன. அவற்றை நிமிர்த்துவதற்காகத்தான் சக்கரத்தையும் சட்டத்தையும் இணைக்கும் பழைய கண்ட்ரோல் ஆர்ம்களைக் கழற்றிவிட்டு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய புதியவற்றை மாட்டுகிறார்கள். மறுநாள் காலையில் மகளும் பேத்தியும் இதே வண்டியில் போகப் போகிறார்கள் என்பதால்தான் மாமனார் ஸ்பானரையே தொட்டார்.

பழைய போல்ட்டுகள் விரலுக்கே திரும்பின. அதுவும் பிடிக்கவில்லை.

"அந்த மோதிரத்தைக் கழட்டி வைங்கன்னு எத்தனை தடவ சொல்றது? எங்கேயாவது மாட்டினா விரலோட போயிடும்."

"கழட்ட வரலை மாமா. விரல் பெருத்துப்போச்சு. சோப்பு போட்டுக்கூடப் பார்த்துட்டேன்." கிரீசில் கறுத்த கையொன்று வெளியே நீண்டு, விரல்களை விரித்துக் காட்டியது. சதைக்குள் புதைந்து கிடந்தது மோதிரம்.

மழை தொடங்கியது. கொட்டகையின் தகரக் கூரையில் முதலில் தனித்தனியாகவும், பிறகு ஒரே இரைச்சலாகவும் விழுந்தது. பிற்பகல் வெளிச்சம் சாம்பல் நிறமாகி, கம்பியில் தொங்கிய ஒற்றை பல்பு மஞ்சளாகத் தெரியத் தொடங்கியது.

புதிய ஆர்ம்கள் ஏறின. மாப்பிள்ளை தயங்கினார். "மாமா, இறுக்கறது இப்பவா? சக்கரம் தரையில உட்கார்ந்து, வண்டி வெயிட்டு எறங்கினப்புறம்தானே இறுக்கணும்? இல்லேன்னா ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும்னு சொல்றாங்க."

அது சரிதான். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கப்பட்ட மூட்டு ரப்பர் அந்த நிலையை மறப்பதில்லை; வண்டியின் பாரத்தை எதிர்த்து அங்கேயே திரும்பத் துடிக்கும். ஒரு பேருந்தாக இருந்தால், இறக்கியபின் குழிக்குள் நின்று இறுக்காத பயலை அவர் வெளியே துரத்தியிருப்பார். ஆனால் இங்கே குழியும் இல்லை, ஏற்றி நிறுத்தச் சாய்வுப் பலகையும் இல்லை. இறக்கிவிட்டால் அடியில் புக இடமும் இல்லை.

"இந்தப் பொம்ம வண்டிக்கு அந்த மரியாத வேறயா? இப்பவே இறுக்குங்க."

"அப்ப அது ஒழுங்கா உட்காராதே மாமா."

"உட்கார வைக்க உங்க வேலைக்காரன் இருக்கான்ல? இறுக்குங்க."

மாப்பிள்ளை இறுக்கினார். அவர் எதிர்த்துப் பேசமாட்டார். அதற்காகவும் மாமனார் அவரை வெறுத்தார்.

வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழுதது. மகள் கூப்பிட்டாள். "என்னங்க, இவளைக் கொஞ்சம் வந்து வாங்கிக்கங்களேன்!"

மாமனார் முதுகைத் திருப்பி, ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் துணி தரையில் உரசும் சத்தம் கேட்டது. "வந்துட்டேன்" என்றது குரல். பிறகு அவரைக் கடந்து, வீட்டை நோக்கி மெதுவாகப் போன செருப்புச் சத்தம். அவர் திரும்பவில்லை.

வண்டியை இறக்குமுன் குனிந்து அடியில் பார்க்க வேண்டும்; "ஆள் இல்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதுவே பணிமனையின் முதல் விதி. ஒருநாளும் அவர் அதை மீறியதில்லை.

இந்தப் பொம்மை வண்டிக்கு அதுவும் வேறா?

ஜாக்கியால் சற்று உயர்த்தி, வண்டி அமர்ந்திருந்த இரும்புத் தாங்கிகளைக் காலால் தள்ளினார். ஜாக்கியின் பிடியைத் தளர்த்தினார். வண்டி பெருமூச்சு விட்டபடி இறங்கியது.

பின்பக்கம் முழுதாக இறங்கவில்லை. முறுக்கிக்கொண்ட ரப்பர், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஒருநாள் ஓடினால் தானாகத் தளரும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

ட்ரிக்.

மழை இரைச்சலுக்குள் மெல்லிய, பழகிய ஒலி. ட்ரிக். ட்ரிக். பற்சக்கர ஸ்பானர் திரும்புகிற ஒலி. போல்ட் ஒன்று தளர்ந்தது. வண்டியின் இடப்பக்கம் ஒரு விரல் தாழ்ந்தது. பிறகு மீண்டும் அதே ஒலி, இம்முறை அழுத்தமாக. பாரம் இறங்கிய நிலையில் போல்ட் இறுக்கப்படுகிறது.

முறைப்படி. அவர் கற்றுக்கொடுத்திருக்கக்கூடிய முறைப்படியே.

முழங்காலிட்டார். கன்னம் ஈரத் தரையில் பட்டது. வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. மறுபக்கத்து வெளிச்சம் நீண்ட கோடாகத் தெரிந்தது. நடுவில் மட்டும் தெரியவில்லை. நடுவில் எதுவோ இருந்தது.

"மாமா."

மாப்பிள்ளையின் குரல். வலியில்லாத குரல்.

இறக்கிவிட்டேன். ஆள்மேல் இறக்கிவிட்டேன். மகளிடம் என்ன சொல்வேன்? ஜாக்கியைத் தேடினார். பிடி வழுக்கியது.

"தூக்காதீங்க மாமா. இடம் இருக்கு."

"மாப்பிள்ளை! எங்க நசுங்கியிருக்கு? சொல்லுங்க!"

"இங்க நெறைய இடம் இருக்கு மாமா. ஒரு பக்கம் முடிச்சுட்டேன்."

ட்ரிக். ட்ரிக்.

பின்னால் செருப்புச் சத்தம் வந்தது.

"என்ன மாமா, எறக்கியாச்சா?"

மாமனார் திரும்பினார். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். தோளில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை குழந்தையின் முதுகை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

அதே சட்டைக் காலர். அதே குரல். கண்களில் நீர் வந்துவிட்டது மாமனாருக்கு. வாழ்க்கையில் முதன்முறையாக அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. எழுந்தார். ஓரடி எடுத்து வைத்தார்.

அந்தக் கை சுத்தமாக இருந்தது.

கிரீசு இல்லை. நகக்கண்களில் கறுப்பு இல்லை. துடைத்து வைத்ததுபோன்ற கை. புளித்த ஈரத்துணி வாசனை. மோதிரம் இல்லை. மோதிரம் புதைந்திருந்த தடமும் இல்லை.

மாமனார் அந்த முகத்தைப் பார்த்தார். மூக்கு, புருவம், கன்னத்தில் ஒரு மச்சம். மாப்பிள்ளைக்கு மச்சம் உண்டா? இடப்பக்கமா, வலப்பக்கமா? தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும், அது மாப்பிள்ளையின் முகமா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"கொழந்தைய என்கிட்ட குடுங்க" என்று கைகளை நீட்டினார்.

"தூங்கறா மாமா."

கீழே ஸ்பானர் நின்றது. வண்டிக்கும் தரைக்கும் நடுவேயிருந்து ஒரு கை வெளியே வந்தது. கறுத்த கை. சதையில் புதைந்த மோதிரம். விரல்கள் தரையைத் தடவி மாமனாரின் பாதத்தைப் பற்றின. அவை சில்லிட்டிருந்தன.

"மாமா," என்றது கீழிருந்து குரல், இப்போது பயந்து. "அங்க யாரு பேசறது?"

எதிரே நின்றிருந்தவர் சிரித்தார். வண்டியின் பின்தட்டில், குழந்தையோடு, மெதுவாக உட்கார்ந்தார்.

பின்பக்கம் ஒரு விரல் தாழ்ந்தது. பாதத்தைப் பற்றியிருந்த விரல்கள் இறுகின. இன்னும் ஒரு விரல். சுத்தமான கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டேயிருந்தது.