ஒன்று வந்தால் ஒன்று

புது டின்னைத் திறந்தபோது அதில் அரிசி இருந்தது.

பொற்கொடி மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். நேற்றுச் சாயந்திரம்தான் பேக்கரியில் சொல்லிவைத்து அந்தக் காலி பிஸ்கட் டின்னை வாங்கி வந்தாள். கழுவி, ஈரம் வடியட்டும் என்று சமையலறை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அரிசி பழைய டின்னில் கிடந்தது. காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். இப்போது புது டின் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. முக்கால் வரை அரிசி. வண்டு வராமலிருக்க அவள் போட்டுவைத்த காய்ந்த வேப்பிலைகூட மேலாகக் கிடக்கிறது. பழைய டின்னைத்தான் காணோம். அது இருந்த இடத்தை யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் சதுரமாக ஈரம், அதிலிருந்து துடைத்த துணியின் முடை வாசனை.

"ஏனுங்க, அந்தப் பழைய டின்னை எங்க போட்டீங்க?"

புருஷன் எழில் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான். பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர் வேலை. அடுப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்கக்கூட வராத ஆள். "எந்த டின்னு? நான் ஏன் புள்ள அதைத் தொடறேன்?"

"அடி துருப்பிடிச்சிருந்தாலும் கறிவேப்பிலைச் செடி வெக்கலாம்னு இருந்தேன். தூக்கிப் போட்டுட்டு இல்லைங்கறீங்களா?"

"தூக்கிப் போட்டிருந்தா சந்தோசமாச் சொல்லியிருப்பேனே" என்று சிரித்தான்.

அது நியாயமான பேச்சுதான். ஆனாலும் அவள் நம்பவில்லை. அவள் எதையும் எறிகிறவள் அல்ல. பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். கிழிந்த லுங்கி தலையணை உறையாகும், தலையணை உறை கரித்துணியாகும், கரித்துணி நைந்து போனால் அடுப்புப் பற்றவைக்க ஆகும். மேலே அட்டாலிப் பரண் நிறைய ஹார்லிக்ஸ் பாட்டில். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு கணக்கு உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. இருட்டில் கைவிட்டாலும் எடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு டின் காணாமல் போகிறதென்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

உடனே அவளுக்கு, அதே கேட்டுக்குள் முன்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா பங்காரம்மாவின் ஞாபகம் வந்தது.

தொண்ணூற்றாறு ஆவணியில் உப்பிலிபாளையத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் பொடக்காளியில் துணி துவைக்கிற கல். சாவியை நீட்டும்போதே பங்காரம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஊட்டை அடைக்கப்படாதுங்க அம்மணி. ஒண்ணு வந்தா ஒண்ணு போகோணும். அதுமட்டும் பாத்துக்குங்க." பொற்கொடி தலையாட்டிவிட்டு மூன்று சாக்கு பழைய சாமானை உள்ளே கொண்டுபோய் அடுக்கினாள். அந்தம்மாவிடம் இன்னொரு சாவி இருந்தது. ஆள் இல்லாதபோது உள்ளே வந்து வேண்டாததைப் பொறுக்கி எறிகிறாளா? இவ்வளவு நல்லவள் மாதிரிப் பேசிக்கொண்டு? சே!

தீபாவளிக்கு மகள் தாரணிக்குப் புதுப் பள்ளிக்கூடப் பை வாங்கினார்கள். ஐந்து வயசு, யுகேஜி. பழைய பை எழிலின் கால்சட்டைத் துணியில் பொற்கொடியே தைத்தது. அதை வெங்காயம் போட்டுவைக்க ஒதுக்கியிருந்தாள். மறுநாள் அது ஆணியில் இல்லை. புதுப் பையைத் திறந்தால் உள்ளே சிலேட்டு, பல்பம், பாதி கடித்த அழிரப்பர், போன வாரத்துக் கடலைமிட்டாய்த் தூள்வரை எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. ஆணிக்குக் கீழே சுவரில் ஈரம்.

தூளை எதற்கு மாற்றுவார்கள்? பையை எறிகிறவள் பையை எறிவாள், சிலேட்டை எடுத்து வைப்பாள். மிட்டாய்த் தூளை யார் பொறுக்கி வைப்பார்கள்? அன்றைக்குப் பூராவும் இதே நினைப்பு. எழிலின் முகத்தைப் பார்த்தாள், பங்காரம்மாவின் முகத்தைப் பார்த்தாள், எதிர்வீட்டுக்காரி சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்த்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாசம். பிள்ளைத்தாச்சிக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்று எழில் சொல்லிவிட்டான்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கார்த்திகையில் முடிவு செய்தாள். வேண்டுமென்றே ஒரு புதுப் பிளாஸ்டிக் குடம் வாங்கினாள். பழைய குடம் ஓட்டைக்குத் தார் வைத்து அடைத்தது, அதில் கழுத்துவரை தண்ணீர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வாசல்படிக்கு உட்புறமும் பொடக்காளிக் கதவுக்கு உட்புறமும் கோலமாவைச் சல்லடையால் சலித்துத் தூவினாள். ஓர் எறும்பு போனால்கூடத் தெரியும். பங்காரம்மா அன்றைக்குக் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்; பஸ் ஏறியதைப் பொற்கொடியே பார்த்தாள். எழிலையும் தாரணியையும் கூட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போனாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மாவு அப்படியே இருந்தது. பின்கதவு மாவும் அப்படியே. தார் வைத்த குடம் இல்லை. புதுக் குடம் கழுத்துவரை நிறைந்திருந்தது, தண்ணீர் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

எழில் குனிந்து புதுக் குடத்தைத் தொட்டுப் பார்த்தான். அவன் சிரிக்காமல் இருந்ததுதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

கோபியிலிருந்து வந்ததும் பங்காரம்மாவைக் கேட்டில் மறித்தாள். அந்தம்மா இந்த வாசல்படியைத் தாண்டி ஒருநாளும் உள்ளே வந்ததில்லை என்பது அப்போதுதான் பொற்கொடிக்கு உறைத்தது.

"ஏனுங்கம்மா, உங்களைச் சந்தேகப்பட்டுப் போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. இந்த ஊட்ல என்னமோ இருக்குதுங்களா?"

பங்காரம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பழசு எங்க போச்சுன்னு கேக்காதீங்க கண்ணு. உள்ள இருந்தது இருக்குதல்ல?"

"இருக்குதுங்க."

"அது அப்படித்தான். புதுசைக் கண்டாப் பழசை எடுத்துப்போடும். உள்ள இருக்கறதை மட்டும் வீணாக்காது." அந்தம்மாவின் பார்வை பொற்கொடியின் வயிற்றில் இறங்கியது. "பேறுகாலத்துக்கு மின்னாடி வேற ஊடு பாத்துக்குங்க. நான் சொல்லிப்போட்டேன். அப்பறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

வேறு வீடு! எழில் சிங்காநல்லூரிலிருந்து சூலூர் ரோடு வரைக்கும் அலைந்தான். ஒவ்வொரு கேட்டிலும் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். பதில் சொன்னதும் வீட்டில் ஏற்கெனவே ஆள் வந்துவிட்டிருக்கும். இந்த வீட்டுக்காரி ஒருத்திதான் அதைக் கேட்காமல் சாவி கொடுத்தவள். ஏன் கேட்கவில்லை என்று பொற்கொடிக்கு இப்போது புரிந்தது.

குடத்துக்குக் குடம் போயிருக்கிறது. பைக்குப் பை. பிள்ளைக்கு?

அந்த நினைப்பு வந்த நிமிஷமே அவள் தாரணியின் துணிகளை மூட்டை கட்டினாள். சூலூரில் அக்கா வீடு, தறி ஓட்டுகிற குடும்பம், அன்பான மனுஷி. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாயிற்று. நான் போகமாட்டேன் என்று அழுத பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், அழைத்துப்போக வந்த அக்காவோடு பஸ் ஏற்றினாள். "நான் வந்து கூப்பிடற வரைக்கும் வரப்படாது சாமி. அப்பா வந்து கூப்பிட்டாலும் வரப்படாது." தாரணி ஜன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். பழையது வீட்டிலேயே இல்லையென்றால் எதை எடுத்துப் போடும்? போட்டுப் பார்க்கட்டும்.

மார்கழிக் கடைசியில் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு வாசல்படியில் நின்று ஒருமுறை துணியைச் சரிபார்த்துக்கொண்டாள். பிறந்த பிள்ளைக்கு முப்பது நாள்வரை புதுத் துணி போடுவதில்லை, நல்லபடியாக வளர்ந்த பிள்ளை உடுத்திப் பழசாக்கியதுதான் போடுவது. தாரணி போட்டு நைந்துபோன மல் சட்டைகளை அவள் அதற்கென்றே ஐந்து வருஷமாகக் கட்டி வைத்திருந்தாள். அதில் ஒன்றுதான் அவன் உடம்பில் இருந்தது. அக்கா கொடுத்துவிட்ட புதுச் சட்டைகளை, எதற்கு வம்பு என்று, பங்காரம்மாவின் திண்ணையிலேயே வைத்துவிட்டாள். பழைய நூல் சேலையில் தொட்டில். பழைய பாவாடை கிழித்த துணிகள். ஒரு நூல்கூடப் புதுசு இல்லை.

அன்றைக்கும் மறுநாளும் வீட்டை எண்ணினாள். பாட்டில்கள் இருந்தன. டின்கள் இருந்தன. எதுவும் போகவில்லை, எங்கேயும் ஈரமில்லை. பொங்கல் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. பதினைந்தாம் நாள் அவள் முதல்முறையாக ஆழ்ந்து தூங்கினாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். நன்றாக வேண்டும் அதற்கு.

பதினெட்டாம் நாள் சாயந்திரம் ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. தெருவில் பிள்ளைகள் ஓவென்று கத்தி ஓய்ந்தார்கள். பொற்கொடி மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிச் சமையலறை மாடத்தில் வைத்தாள். அடுப்பில் பூண்டு கொதிக்கிற வாசனை, அதற்கடியில் பால் கட்டிய அவள் ரவிக்கையின் புளிப்பு வாசனை, அறைக்குள்ளிருந்து தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசுகிற சத்தம். நாலு மணிக்குப் பால் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தான், இடையில் மெல்லச் சிணுங்கினான். கயிறு உரசுகிறவரை அவளுக்கு நிம்மதி. எழில் பட்டறையிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்று நினைத்துக்கொண்டு பூண்டைக் கிண்டினாள்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ஓடி வருகிற சின்னக் கால்கள்.

"அம்மா! நான் வந்துட்டேன்!"

கரண்டி கையிலிருந்து விழுந்தது. வெளியே எழிலின் குரல், குற்றவாளியைப் போல. "மிஸ்ஸு ஆளனுப்பிட்டாங்க புள்ள, இனி லீவு ஆகாதுன்னு. அவளும் அழுதுட்டே இருக்கறாளாமா. அதான் பட்டறையில சொல்லிட்டு மத்தியானமே போய்க் கூட்டியாந்துட்டேன்."

"உள்ள வராதே! அங்கயே நில்லு தாரணி! சாமி, வராதே!"

அவள் அறைக்கு ஓடிவருவதற்குள் தாரணி படியைத் தாண்டிவிட்டாள்.

விளக்கு வெளிச்சம் பாதிதான் எட்டியது. பிள்ளை பயந்துபோய் நடுவில் நின்றது. சிவப்புப் பட்டுக் கவுன். காலில் புதுச் செருப்பு. தலையில் புது ரிப்பன். அக்கா பொங்கலுக்கு எடுத்தது. கழுத்துக்குப் பின்னால் கடைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. கஞ்சி வாசனை, புதுத் துணியின் கஞ்சி வாசனை அறை முழுக்க அடித்தது.

உள்ளே வந்தது புதுசு.

பொற்கொடி மகளைக் கட்டிப்பிடித்தாள். கை, கால், தலை. எல்லாம் இருந்தது. பிள்ளை இருந்தது. போகவில்லை. ஐயோ என் தங்கமே, போகவில்லை.

பிறகுதான் கேட்டது. கேட்கவில்லை என்பது கேட்டது.

கயிறு உரசவில்லை.

ஈரத் துணி வாசனை.

பழைய சேலை. பழைய சட்டை. பழைய பாவாடைத் துணி. ஒரு நூல்கூடப் புதுசு இல்லை என்று அவளே பார்த்துப் பார்த்து உடுத்தினாளே!

தொட்டில் இருந்த இடத்துக்குப் போனாள். கையை நீட்டினாள். சேலை இல்லை. உத்தரத்தில் கயிறு இல்லை. இன்னும் கீழே துழாவினாள். தரை. துடைத்த தரை. ஈரம்.

"எழில்..." என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை அவள். வாசலில் அவன் பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

அப்போது குழந்தை அழுதது.

பசித்த அழுகை. மூச்சைப் பிடித்து, இழுத்து, விட்டு விட்டு அழுகிற பதினெட்டு நாள் குழந்தையின் அழுகை. அவளுக்குத் தெரியாதா? அவள் பெற்றது. ஆனால் சத்தம் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள்.

தாரணி சிவப்புக் கவுனில் நின்றபடியே இருந்தாள். கைகள் இரண்டும் மார்போடு சேர்ந்து முஷ்டி மடங்கியிருந்தன. தலை நிற்கவில்லை, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து துவண்டது. கண்கள் எதையும் பார்க்கவில்லை. வாயை அகலத் திறந்து, நாக்கு நடுங்க, அவள் அழுதாள். அழுகையை நிறுத்திவிட்டு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, உதட்டைக் குவித்துக் காற்றில் எதையோ தேடினாள்.

பொற்கொடியின் ரவிக்கை முன்பக்கம் தானாக நனையத் தொடங்கியது.