அறையை ஒழித்துக் கொடுத்தவள்

ஸ்கிப் வந்து இறங்கியபோது இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. லாரிச் சங்கிலிகள் கடகடவென்று அவிழ, ஒரு காரையே உள்ளே போட்டுவிடலாம் போன்ற அந்த மஞ்சள் இரும்புத் தொட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்தது. வீட்டுக் கழிவையெல்லாம் அதில் நிரப்பி வைத்தால் சனிக்கிழமை வந்து தூக்கிப் போவார்கள். ஸ்கிப்பை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு அந்த ஊரில் ஒரு தலைவலி உண்டு. பகலில் நீங்கள் பாதி நிரப்புவீர்கள். மீதியைத் தெரு நிரப்பிவிடும். காலையில் பார்த்தால் யார் வீட்டு மெத்தையோ உங்கள் குப்பை மேல் ஒய்யாரமாகப் படுத்திருக்கும்.

பக்கத்து வீட்டு நோரா அதற்குள் வேலியருகே ஆஜராகிவிட்டாள். "மொரீன் கண்ணு, என்கிட்ட ஒரே ஒரு பழைய கார்ப்பெட் இருக்கு. ஓரமா கிடக்கட்டுமே?"

"கார்ப்பெட்னு சொல்லிட்டு சோபாவையே தள்ளிட்டு வருவ நீ," என்றார் மொரீனின் கணவர் கிளைவ்.

கிளைவின் முழங்கால்களுக்கு மாடிப்படி ஒத்துவரவில்லை. அதனால்தான் வீட்டை விற்றுவிட்டு, படியே இல்லாத, ஒரே படுக்கையறை கொண்ட சின்ன வீட்டுக்குப் போகிறார்கள். எல்லாவற்றையும் மொரீன் சிரித்த முகமாகவே தூக்கிப் போட்டாள், மாடியில் இருந்த சின்ன அறைக்கு வரும்வரை. அது அவர்கள் மகள் ஹேலியின் அறை. ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அறை அப்படியே இருந்தது.

"நாம போயிட்டா அவ எங்க போவா, கிளைவ்?"

"அவ போயி ரொம்ப வருஷமாச்சு, மொரீன்," என்றார் அவர். மகளின் சின்னக் கட்டிலைத் தானே பிரித்துக் கீழே கொண்டுபோனார். படியில் நின்று நின்று இறங்கினார். முழங்கால் வலி மட்டும் காரணமில்லை.

மறுநாள் காலை கட்டில் பலகைகள் மேல் ஒரு ஜோடி கறுப்பு ஷூ கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போடுவது, பத்து வயதுப் பெண்ணின் அளவு.

"ஆரம்பிச்சாச்சு தெரு," என்று கிளைவ் முணுமுணுத்தார்.

அடுத்த நாள் ஒரு பச்சைக் கோட்டு, உயர்நிலைப் பள்ளிச் சீருடை. மொரீன் சும்மாதான் காலரைத் திருப்பிப் பார்த்தாள். அந்த ஊர் அம்மாக்கள் எல்லோரும் தைப்பதுபோல உள்ளே பெயர் நாடா தைத்திருந்தது.

ஹேலி பிராட்லி.

மொரீனுக்கு இடது கைப் பழக்கம். அவள் தையல் எப்போதும் எதிர்ப்பக்கம் சாயும். இந்தத் தையலும் அப்படித்தான் சாய்ந்திருந்தது.

ஹேலி அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை.

"யாரோ விளையாடுறாங்க," என்றார் கிளைவ். "ஈவு இரக்கமில்லாத ஜென்மங்க."

அன்று நாலு மணிக்கே இருட்டிவிட்டது. குளிர்காலத்தில் அங்கே மதியத்தை முழுதாகப் பார்ப்பதே அபூர்வம். இருவரும் அடுப்படியில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். மாடியில், காலியாகக் கிடந்த சின்ன அறையில், ஒரு இழுப்பறை திறந்து மூடியது.

அந்த அறையில் இழுப்பறையே இல்லை. காலையில்தான் அலமாரியோடு தூக்கிப் போட்டிருந்தார்கள்.

பிறகு படி முனகியது.

ஒவ்வொரு படியாக, நெஞ்சோடு சுமையை அணைத்துக்கொண்டு இறங்குகிறவர்களின் நிதானத்தில்.

கூடத்தைக் கடக்கும்போது ஸ்ட்ராபெர்ரி ஷாம்பூ வாசனை வந்து போனது. ஹேலியின் தலைக்கு மொரீன் தேய்த்த ஷாம்பூ. கடைகளில் அது நிறுத்தப்பட்டு எவ்வளவோ காலமாகிறது.

வாசல் கதவு திறந்தது. வெளியே இரும்பின் மேல் ஏதோ மெத்தென்று விழுந்தது. திரும்பக் கதவு சாத்திக்கொண்டபோது சத்தமே இல்லை.

கிளைவ் டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"மழைக்கோட்டு," என்றார். "பெரிய பொம்பள போடுறது."

மொரீன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது பயந்த அழுகை இல்லை. "அவ இங்கயேதான் வளர்ந்திருக்கா, கிளைவ். நமக்குத் தெரியாமப் போச்சு. நாம அறையக் காலி பண்றதப் பார்த்துட்டு அவளும் தன் சாமானக் கொண்டாந்து போடுறா. சொன்ன பேச்சு கேக்குற புள்ள. நாம போகச் சொல்லிட்டோம்னு நினைச்சுக்கிட்டா."

கிளைவ் டார்ச்சை அணைத்து மேசைமேல் வைத்தார்.

சனிக்கிழமை லாரி வந்தது. டிரைவர் இறங்கி ஸ்கிப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சங்கிலியை மாட்டப் போனவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அம்மா, மேல உக்காந்திருக்கிற உங்க பொண்ண இறங்கச் சொல்லுங்க. ஆள வச்சுக்கிட்டுத் தூக்கினா என் வேலை போயிடும்."

அவர்கள் கண்ணுக்கு ஸ்கிப்பின் மேல் நனைந்த திரைச்சீலைதான் தெரிந்தது.

"எந்தப் பொண்ணு?" என்றார் கிளைவ்.

"என்ன சார், காலங்காத்தால வெளையாடுறீங்க? அதான், பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. அம்மாதான் போகச் சொன்னாங்களாம்."

மொரீன் வெறுங்காலோடு ஓடினாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தாள்.

"நான் சொல்லலடி தங்கம். ஒருநாளும் சொல்லல. அங்க ஒரே அறைதான், நெருக்கிப் படுத்துக்கலாம். இறங்கி வாடா."

சங்கிலி ஒருமுறை தானாக ஆடி நின்றது. டிரைவரின் பார்வை ஸ்கிப்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தது.

"பார்த்து, வழுக்கும்," என்றார் அவர்.

மொரீன் கையை உயர நீட்டினாள். ஆறு வயதுக் கை எவ்வளவு இருக்கும் என்று அவளுக்கு மறக்கவே இல்லை. அந்த அளவுக்கு விரல்களைக் குவித்து வைத்திருந்தாள்.

வந்து பிடித்த கை சில்லென்று இருந்தது. அது அவள் கையைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது.