சனிப்பிணத்துக்குத் துணை

புதன்கிழமை காலையில் கோதண்டபாணியின் கால் இடறிக் கூழ்ச்சட்டி கவிழ்ந்தது. அன்னம்மாள் அவனைத் திட்டவில்லை.

உலகச் சண்டைக்காலம் அது. ரேஷனில் அரிசி போய், மக்கிய கேழ்வரகு வந்துகொண்டிருந்த வருஷம். ஒரு பருக்கை சிந்தினாலும் அவனுடைய ஏழு தலைமுறையையும் தெருவுக்கு இழுத்துவிடுகிற வாய் அவளுடையது. மலைக்கோயில் படிக்குக் கல் சுமக்கிறவன் என்பதால் பன்னிரண்டு வருஷமாக அவனை "யோவ் கல்லு" என்றுதான் கூப்பிட்டாள். அந்த அன்னம்மாள் குனிந்து, தரையில் ஓடிய கூழைக் கையால் வழித்துச் சட்டியில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி, ஒண்ணும் சொல்ல மாட்டேன்ற?"

"ஆங்" என்றாள்.

காய்ச்சல்காரி, தெம்பு வரவில்லை என்று நினைத்துக்கொண்டான். ஆனால் தெம்பு வந்திருந்தது. பத்து நாள் பாயோடு பாயாகக் கிடந்தவள், ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே எழுந்து வாசல் பெருக்கியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் தான் வைத்துக் கொடுத்த கோழிச்சாறுதான் எழுப்பியது என்று மூன்று நாளாக மார்தட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் கோழி ஒரு பிணத்துடையது.

அரிசி மண்டி வரதராஜன் சனிக்கிழமை செத்தார். ஊர் பட்டினி கிடந்தபோது நெல்லுக்கு முன்னால் சுவர் எழுப்பி மறைத்த மனுஷர். அவருக்கும் ஆத்மா உண்டு என்று சொல்ல ஒரு பெரியவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பசி இல்லை, தாகம் இல்லை, ஒட்டு உறவு இல்லை என்று அளந்தபடியே இரண்டு சொம்பு மோர் குடித்தார். கூலிக்குப் பாடை கட்டிக்கொண்டிருந்த கோதண்டபாணி தலையைத் தூக்காமல் கேட்டான்: "பசியில்லாததுக்கு இன்னாத்துக்கு சாமி வாய்க்கரிசி?" யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அவர்களைப் பார்த்தால் சிரிப்பாக இருந்தது. கல்லுக்கு எடை உண்டு, மூட்டைக்கு எடை உண்டு. எடையே இல்லாத சரக்கை விற்கிறவன் முட்டாள் இல்லை, வாங்குகிறவன்தான் முட்டாள்.

சனிப்பிணம் தனியாகப் போகாது, கூட ஓர் உயிரைக் கேட்கும் என்பார்கள். அதற்காகக் காலைக் கட்டிய கோழி ஒன்றைப் பாடையில் தொங்கவிட்டிருந்தார்கள். நந்தியாற்றங்கரை இடுகாட்டில் பிணத்தை இறக்கினதும் மகன் சொன்னான்: "கோழிய நைனா காலண்ட வை." கோதண்டபாணி வைத்தான். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு எல்லாரும் போனார்கள். போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. குழியை மூடுவது கோதண்டபாணி பாடு.

திரும்பிப் பார்க்காத ஜனம் எவ்வளவு வசதி! குழிக்குள் கொழுத்த பெட்டைக்கோழி. வீட்டில் எலும்பாகக் கிடக்கும் பெண்டாட்டி. கோழியை எடுத்துத் துண்டில் சுருட்டினான். "உனுக்குத் துணை வேணுமா? உன் மண்டியில தின்னு கொழுத்த பெருச்சாளி இருக்குதே, அத்த கூப்ட்டுக்க" என்று சொல்லி மண்ணைத் தள்ளினான்.

பக்கத்து ஊர்க் கண்டிகையில் வாங்கினேன் என்று அன்னம்மாளிடம் சொன்னான். "யோவ் கல்லு, உன் மூஞ்சே சொல்து, எங்கியோ லவுட்டிகினு வந்துக்கிற" என்று ஏசிக்கொண்டே சாற்றைக் குடித்தாள். அவள் கடைசியாக ஏசியது அப்போதுதான்.

இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூரை ஓட்டையில் இறங்கிய வெயில் அவள் முதுகில் ஒரு காசு அளவுக்குப் படிந்திருந்தது. தூரத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று ஸ்டேஷனைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு வீட்டுக்குள் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. அதோடு ஒரு வாசனை. மழை பெய்த மண் மாதிரி. ஆனால் வெயில் படாத ஆழத்து மண். அவள் குளித்திருந்தாள். நகக்கண்ணில் மட்டும் செம்மண் இருந்தது.

மடியில் அவளுடைய இரண்டு கட்டைவிரல்களும் அசைந்துகொண்டிருந்தன. எதையோ அமுக்கின, விட்டன, மறுபடி அமுக்கின. மூன்று ராத்திரியாகத் தூக்கத்திலும் இப்படித்தான் செய்தாள்.

அவளுடைய தாய்வீட்டுப் பித்தளைச் சொம்பை எடுத்து வாசலில் விசிறி அடித்தான். சொம்பு நசுங்கி உருண்டது. அதை அவன் எச்சில் கையோடு தொட்டாலே ஊரைக் கூட்டுவாள்.

"ஆங்" என்றாள்.

கிட்டே போய் அவள் மூக்கில் காதை வைத்தான். மூச்சு சூடாக வந்தது. மணிக்கட்டில் நாடி ஓடியது. கண்ணில் அவன் முகம் தெரிந்தது. கூப்பிட்டால் பதில் வந்தது, பசித்தால் தின்றாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத உடம்பு. அதற்குள் அன்னம்மாளைத்தான் காணவில்லை.

மலையடிவாரத்தில், அரக்கோணத்திலிருந்து கல்வண்டி ஓட்டி வரும் ரசூல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"பாய், மூணு நாளா அன்னம் என்னைத் திட்டல."

"திட்டாத பொண்டாட்டியா? பாவா, எங்க தர்காவுல சக்கர வெச்சிடு. எங்கூட்டு சபீராவுக்கும் அந்த மருந்த வாங்கிக் குடு."

கோதண்டபாணி சிரிக்காமல் கோழி விஷயத்தைச் சொன்னான். ரசூல் வாளியைக் கீழே வைத்தான்.

"ஏன்யா, பொணத்தோட பங்கையா துன்னீங்க?"

"துணையாவது மயிராவது. அதெல்லாம் சும்மா பேச்சு பாய்."

"சும்மான்னா, நீ ஏன் கிசுகிசுன்னு பேசற?"

 ரசூல் மாட்டின் கழுத்தைத் தடவியபடி நின்றான்.

"ரூஹு, அதான் ஆத்மா, எப்டியிருக்கும்னு எங்க பள்ளிவாசல் ஹஜரத்தையே கேட்டுக்கிறேன். அது ஆண்டவன் சமாச்சாரம், உனுக்கு வெளங்காதுன்னுட்டாரு. எனுக்குத் தெரிஞ்சது இவ்ளோதான் பாவா. எடுத்தவன் திருப்பி வெச்சிடணும். இப்பவே போ."

கண்டிகைக்கு ஓடினான். இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றி, கோழி வளர்க்கும் குப்பம்மாளிடம் நீட்டி ஒரு கோழி கேட்டான். "இன்னா நைனா, அரணாக்கவுத்தக் குடுத்துட்டா கோவணம் எதுல நிக்கும்?" என்று அவள் பல் தெரியச் சிரித்தாள். கோழியைக் காலைக் கட்டி வாங்கிக்கொண்டான். நெஞ்சுக்குள் ஒரு குரல் இன்னும் ஏளனம் செய்தது. போடா முட்டாள். எடையில்லாத சரக்கை நீயும் வாங்கிவிட்டாய்.

இடுகாட்டில் உச்சிவெயில் கொதித்தது. நந்தியாறு வெறும் மணலாகக் கிடந்தது. காக்கை இல்லை, காற்று இல்லை. கருவேல முள்ளில் யாருக்கோ போட்ட மாலையின் நார் தொங்கியது. மலைமேல் உச்சிகால மணி அடித்தது. எப்போதும் கணீரென்று வருகிற சத்தம், துணியில் சுற்றி அடிப்பதுபோல் வந்து சேர்ந்தது.

கோழியை ஓரமாகக் கிடத்திவிட்டு, கால்மாட்டுப் பக்கம் மண்வெட்டியைப் போட்டான். மேல்மண் சுட்டது. ஒரு முழத்துக்குக் கீழே ஈரம். வீட்டில் வந்த அதே வாசனை. நாலு நாள் பிணம் நாறும் என்று மூக்கில் துண்டைக் கட்டியிருந்தான். நாறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இன்னொரு முழம். இப்போது வேறொரு வாசனை வந்தது. வேப்பெண்ணெய். பேனுக்காக அன்னம்மாள் தலையில் தேய்க்கிற வேப்பெண்ணெய்.

பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பினான்.

கால் கட்டிய கோழி சிறகால் மண்ணைத் துழாவித் துழாவி, குழியை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. கத்தவில்லை.

"இரு" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

மண்வெட்டியை வைத்துவிட்டு மண்டியிட்டான். கையால் வாரினான். ஈரம். குளிர்ச்சி. ஒரு பிடி. இன்னொரு பிடி.

ஒரு கால் தெரிந்தது. மண்டிக்காரரின் கால். வீங்கி, மஞ்சள் பூத்து.

அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகள்.

பச்சைக் கண்ணாடி வளையல். நகக்கண்ணில் செம்மண்.

கட்டைவிரல்கள் அமுக்கின. விட்டன. அமுக்கின.

அவன் வாய் திறந்தது. கத்தினானா என்று அவனுக்கே தெரியாது.

மண்ணுக்கு அடியிலிருந்து, மூன்று நாளாகக் காணாத அந்தக் குரல், உரிமையோடு, எரிச்சலோடு, தாழ்ந்து வந்தது.

"யோவ் கல்லு, கத்தாத. இப்பத்தான் கண்ணு அசந்தாரு."

விரல்கள் நிற்கவில்லை. அவற்றின் பிடியில், வீங்கின அந்தப் பெருவிரல் சுகமாக ஒருதரம் மடங்கி, நிமிர்ந்தது.