புரோகிராமில் மாற்றம் இல்லை

கம்ப்யூட்டரில், எக்ஸ்டென்ஷன் என்கிற ஒட்டுச்சாமான் எதுவும் போடாத எடிட்டர்தான் மனித குலம் இதுவரை தொட்ட உச்சம். நெருப்பு, சக்கரம், பரோட்டா எல்லாம் அதற்குக் கீழேதான்.

இதை 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு காலை, சுங்குவார்சத்திரத்து வாடகை அறையில் ஈரத்துண்டைக் கொடியில் போட்டபடி பேச்சிராஜ் அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்த மனித குலம் மொத்தமே ஒருவன்தான். அறைத்தோழன் வனமாமலை.

"எடிட்டர்னா என்னல? எழுதுத பலகை. தப்பா எழுதினா அது செவப்புக் கோடு போடணும், பாதி எழுதினா மீதிய அதுவே எழுதணும்னா... அப்பம் நீ எதுக்குல இருக்க? தன் மேல நம்பிக்க இல்லாதவன்தான் எக்ஸ்டென்ஷன் போடுவான்."

"காதலிக்கவன்?"

"அவனும் அதே கேஸுதான். காதலே ஒரு எக்ஸ்டென்ஷன்தாம்ல. இல்லாமலே சிஸ்டம் நல்லா ஓடும்."

"ஒனக்கு ஓடுது, சரி" என்றான் வனமாமலை, சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. "பாக்கவங்களுக்குத்தான் ஹேங் ஆனாப்ல தெரியுது."

பேச்சிராஜ் ஒரகடத்தில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்ட் ரூம் டெக்னீஷியன். அங்கே டெஸ்டுக்கு எட்டு லினக்ஸ் மெஷின்கள், அவன் மேஜையில் தனியாக ஒன்று. எதற்கும் இன்டர்நெட் கிடையாது. எதில் புதிதாக ஒன்றை ஏற்ற வேண்டும் என்றாலும் ஒரு பாஸ்வேர்ட் வேண்டும். அது மூன்று வருடமாக அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பாஸ்வேர்டை அடிக்கும்போது அவன் முகத்தில் ஓர் ஆதீனகர்த்தரின் களை வரும் என்று சொல்வார்கள்.

அன்றைக்குக் கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூரில் நின்றபோது நல்ல மழை. நனைந்த துப்பட்டாவோடு ஒருத்தி ஏறினாள். அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பேனாவால் எழுத ஆரம்பித்தாள்.

என்ன எழுதுகிறாள் என்று யதேச்சையாகப் பார்த்த பேச்சிராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பேக்கேஜ் பெயர்... பதிப்பு எண்... தயாரித்தவர்... விவரம்...

கம்ப்யூட்டரே இல்லாத இடத்தில், ஓடுகிற பஸ்ஸில், ஒரு பெண் லினக்ஸ் பேக்கேஜுக்கான, அதாவது புரோகிராமை ஏற்றுவதற்காகக் கட்டும் பொட்டலத்துக்கான சீட்டைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள்! கோலம் போடுகிற மாதிரி... அவ்வளவு நிதானமாக.

"விவரத்துல ரெண்டாவது வரி ஒரு எடம் விட்டு ஆரம்பிக்கணும்" என்று அவன் வாய், அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அவள் திரும்பினாள்.

அந்தக் கண்கள்... சிங்கப்பெருமாள் கோயில் ரோட்டில் மழைக்குள்ளிருந்து திடீரென்று எதிரே வருமே, கன்டெய்னர் லாரியின் இரண்டு விளக்குகள்... அவ்வளவு பெரிசு. அவ்வளவு கிட்ட. ஒதுங்க இடமே இல்லை.

"இன்னா சார், அடுத்தவங்க நோட்ட எட்டிப் பாத்துகினு வரீங்க? செக்கிங் இன்ஸ்பெக்டரா?"

"இல்ல... தப்பா இருந்துச்சு. சொன்னேன்."

"எடம் வுட்டுதான் எழுதினேன். மேல பாருங்க, பஸ்ஸு ஒழுவுது. அந்த எடத்துல தண்ணி உக்காந்துகினு கீது."

பார்த்தான். உண்மைதான். வரியின் தொடக்கத்தில் ஒரு சொட்டு, தனக்கென்றே விட்ட இடம் மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத பேச்சிராஜ், பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்து அவள் நோட்டுக்கு மேலே பிடித்தான்.

"எழுதுங்க" என்றான், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. பின் சீட்டில் இருந்த வனமாமலையின் வாய் ஒரகடம் வரும்வரை மூடவில்லை. பேச்சிராஜுக்கே அதிர்ச்சிதான். குடை அவளுக்கு, ஒழுகல் தனக்கு என்று முடிவெடுத்தது எந்தக் கை?

அதைவிடப் பெரிய அதிர்ச்சி எட்டரை மணிக்கு வந்தது. டெஸ்ட் ரூம் கதவைத் திறந்துகொண்டு அதே கண்கள்...

"பேக்கிங் லைன்லேர்ந்து வந்துகீது இந்தப் பொண்ணு. பேரு நிலா" என்றார் டெஸ்ட் ரூம் இன்சார்ஜ் முனிரத்தினம். "ஒரு மாசம் ட்ரையல். தேறினா இங்க. இல்லாங்காட்டி திரும்ப அட்டப்பொட்டிக்கு."

நிலா பென்னலூர்க்காரி. டிப்ளமோ முடித்துவிட்டு, ஒன்றரை வருடமாக நைட் ஷிஃப்டில் எட்டு மணி நேரம் போர்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டியவள். இந்த அறைக்கு வர மூன்று முறை விண்ணப்பித்து, மூன்றாவது முறைதான் கிடைத்தது. திரும்ப அட்டைப்பெட்டிக்குப் போவது என்ற பேச்சை எடுத்தாலே அவள் கண் சின்னதாகிவிடும்.

வந்த இரண்டாம் நாளே அவள் ஒரு வேலை செய்தாள். டெஸ்ட் மெஷின் எந்த போர்டுக்கு எவ்வளவு கரன்ட் வரை அனுமதிக்கலாம் என்பதை ஒரு ஃபைலில் கையால்தான் எழுதுவார்கள். ஒரு புள்ளி விட்டுப்போனால் 1.5 என்பது 15 ஆகிவிடும். கெட்ட போர்டெல்லாம் நல்ல போர்டாகப் பாஸாகிவிடும். அந்த மாதிரி எண்ணைச் சேமிக்கப் போனால் எடிட்டரே சிவப்புக் கோடு போடுகிற மாதிரி ஓர் எக்ஸ்டென்ஷன் எழுதினாள். இரண்டே ஃபைல். அதை முறையாக ஒரு பேக்கேஜாகக் கட்டி, பாஸ்வேர்ட் வைத்திருப்பவரிடம் கொண்டுவந்தாள்.

பேச்சிராஜ் சிரித்தான்.

"ரெண்டு ஃபைலுக்கு ஒரு பொட்டியா? காப்பி பண்ணிப் போட்டா போச்சு."

"பேக்கிங்ல ஒரே ஒரு ஸ்க்ரூ அனுப்பினாக்கூட பொட்டி போட்டு, உள்ள இன்னா கீது, எங்க போவணும், யாரு கட்டினாங்கன்னு சிலிப் வச்சிதான் சார் அனுப்புவோம். சிலிப் இல்லாத சாமான் எங்க போயி நிக்கும்னு யாருக்கும் தெரியாது."

"இது லினக்ஸு. அட்டப்பெட்டி இல்ல."

"உங்களுக்கு அட்டப்பொட்டின்னா எளக்காரம். வுடுங்க சார்."

போய்விட்டாள். ஆனால் இரண்டு நாள் கழித்துப் புதிய பதிப்போடு வந்தாள். அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அவன் பத்து நிமிடம், எக்ஸ்டென்ஷன்களால் சீரழிந்த மனித குலத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தான். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். ஜன்னல் கண்ணாடியில் மழை இறங்கும்... அவள் கண் ஒருமுறை சிரிக்கும்... அவன் பிரசங்கத்தில் எங்கே விட்டோம் என்று மறந்துபோவான். இதையெல்லாம் அவன் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்பதை மட்டும் தினமும் கவனித்தான்.

மாதக் கடைசி வந்தது. "வெள்ளிக்கெழம பத்து மணிக்கு ஓட்டிக் காட்டு. அத்த வச்சிதான் முடிவு" என்றார் முனிரத்தினம்.

"எட்டு மெஷின்லயும் போட்டுத் தரீங்களா சார்?" என்றாள் நிலா. கெஞ்சவில்லை. ஆனால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுத் தாரேன்."

போட்டான். எப்படி? வியாழக்கிழமை எட்டு மெஷினிலும் தன் லாகினில் நுழைந்தான். பேக்கேஜைப் பிரித்தான். உள்ளே இருந்த இரண்டு ஃபைலை மட்டும் உருவி, தன் ஃபோல்டருக்குள் போட்டான். பெட்டியைத் தூக்கி எறிந்தான். ஒவ்வொரு மெஷினிலும் சோதித்தான். சிவப்புக் கோடு வந்தது. பெட்டி இல்லாமலே ஓடுகிறது பார் என்று தனக்குத்தானே ஒரு சின்னச் சிரிப்பு.

வெள்ளி, பத்து மணி. முனிரத்தினம் முதல் மெஷினில் உட்கார்ந்தார். லைனில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பயன்படுத்தும் பொது லாகினில் நுழைந்தார். 1.5-ஐ 15 ஆக்கினார். சேமித்தார்.

ஒன்றும் இல்லை.

மறுபடி சேமித்தார். ஒன்றும் இல்லை. அடுத்த மெஷின்... அதற்கடுத்தது... எட்டும் ஊமை.

"இன்னாமா இது? வெறும் பலகையா கீது!"

பேச்சிராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு ஃபைலும் தன் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. தன் லாகினுக்கு மட்டும்தான் அவை தெரியும். வேறு யார் நுழைந்தாலும் அங்கே அப்படி ஒன்றே கிடையாது... முதல் வருடத்து மாணவன்கூடச் செய்யாத தப்பு!

"திங்கக்கெழமைலேர்ந்து பேக்கிங்குக்கே போயிடு" என்றார் முனிரத்தினம், எழுந்துகொண்டே.

நிலா அழவில்லை. மெஷினைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

"நான் எங்க சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

மூன்று வருடத்துப் பெருமை அவனை வாய் திறக்க விடவில்லை. குனிந்து, கேபிளைச் சரிபார்க்கிற மாதிரி மேஜைக்கு அடியில் கையை விட்டான். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் போனாள்.

தனியாக உட்கார்ந்து, தான் தூக்கி எறிந்த பெட்டியை முதல்முறையாக முழுசாகத் திறந்து பார்த்தான். எல்லா லாகினுக்கும் பொதுவான இடத்தில் போய் உட்காரும்படி அவள் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தாள். கூடவே, ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாற்றினோம் என்று எழுதும் குறிப்பு ஃபைல். எல்லா பேக்கேஜிலும் இருக்கும். உலகத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். புதியது மேலே, பழையது கீழே. அவன் கீழிருந்து படித்தான்.

*0.1 — முதல் பேக்கேஜ்.*

*0.2 — எந்த லாகினில் திறந்தாலும் வேலை செய்யும். பேச்சிராஜ் சார் சிரித்தார். பஸ்ஸில் குடை பிடித்தவர் இவர்தானா என்று சந்தேகம்.*

*0.3 — புள்ளி விட்டுப்போனால் மட்டுமல்ல, இரண்டு புள்ளி விழுந்தாலும் சிவப்புக் கோடு.*

*0.4 — புரோகிராமில் மாற்றம் இல்லை. சார் இன்றைக்கு நீலச் சட்டை.*

*0.5 — புரோகிராமில் மாற்றம் இல்லை. சார் லீவு. யாரிடம் காட்டுவது?*

*0.6 — புரோகிராமில் மாற்றம் இல்லை. கொண்டுபோனால் பத்து நிமிஷம் திட்டுவார். அந்தப் பத்து நிமிஷத்துக்காக.*

*0.7 — வெள்ளிக்கிழமை டெமோ. பயமாக இருக்கிறது. சார் போட்டுத் தருகிறேன் என்றார். அவர் போட்டால் சரியாகத்தான் இருக்கும்.*

பேச்சிராஜ் மறுபடியும் கீழிருந்து படித்தான். அதிர்ச்சி என்று அதுவரை அவன் நினைத்ததெல்லாம் அதிர்ச்சியே இல்லை. ஒரு மாற்றமும் செய்யாமல் மூன்று பதிப்பு... இப்படி ஓர் ஒழுங்கீனத்தை அவன் லினக்ஸ் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. ஏசி ஒழுகுகிறதா என்று மேலே பார்த்தான். ஒழுகவில்லை.

நேராக முனிரத்தினத்திடம் போனான்.

"சார், தப்பு அந்தப் பிள்ளைது இல்ல. என்னுது. அவ கட்டுன பேக்கேஜ நான் போடவே இல்ல. பிரிச்சு, ரெண்டு ஃபைல மட்டும் எடுத்து என் லாகின்ல வச்சேன்."

முனிரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? ஏன்யா அப்டி செஞ்ச?"

"பொட்டிய பாத்ததும் சிரிப்பு வந்துட்டு சார்."

மதியம் இரண்டு மணிக்கு மறுபடி எல்லோரும் கூடினார்கள். அவள் முன்னாலேயே அதை இன்னொரு முறை சொன்னான். நிலாவின் கண்களில் அந்த இரண்டு லாரி விளக்குகளும் எரிந்தன.

"எட்டு மெஷின்லயுமா சார்?"

"எட்டுலயும்."

"பொட்டிய ஒடச்சி சாமான ஜோபில போட்டுகினு போறவன பேக்கிங்ல இன்னா சொல்வோம் தெரியுமா?"

"என்ன சொல்லுவிய?"

"திருடன்."

"சரியாத்தான் சொல்லுதிய" என்றான்.

அவன் பாஸ்வேர்ட் அடித்தான். அவள் தன் கையாலேயே பேக்கேஜை ஏற்றினாள். முனிரத்தினம் 15 என்று போட்டுச் சேமித்தார். பளிச்சென்று சிவப்புக் கோடு! எட்டிலும்.

"இங்கியே இரு" என்றார் அவளிடம். பேச்சிராஜ் பக்கம் திரும்பினார். "அந்தப் பாஸ்வேர்ட நிலாவயே மாத்திக்கச் சொல்லு. இனிமே அது நிலாகிட்ட இருக்கட்டும். ஒனக்கு எதுனா வேணும்னா அதுகிட்ட கேட்டு வாங்கிக்க."

திங்கட்கிழமை. ஷீட் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆதீனப் பதவி பறிபோனவன், நிலாவின் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"ஒரு பேக்கேஜ் போடணும். என் மெஷின்ல."

"உங்க மெஷின்லயா? எக்ஸ்டென்ஷனா?" அவள் புருவம் நெற்றிக்குப் போய்த் திரும்பவில்லை. "இன்னா பேக்கேஜ்?"

"ஒங்களோடதுதான். 0.8."

"நான் 0.8 கட்டவே இல்லையே!"

"நான் கட்டினேன்."

"சிலிப் பாக்காம போட மாட்டேன்" என்று குறிப்பு ஃபைலைத் திறந்தாள். மேலே, புதிதாக ஒரு பதிவு இருந்தது.

*0.8 — சுங்குவார்சத்திரத்தில் ஏறுகிற ஒருவன் ஸ்ரீபெரும்புதூரில் ஏறுகிற ஒருத்தியை விரும்புகிறான். எப்போதிலிருந்து என்று பார்த்ததில், 0.1-க்கும் முன்னாலிருந்து. திருத்தியவர்: பேச்சிராஜ்.*

கீபோர்டில் இருந்த அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. கழுத்திலிருந்து காதுவரை சிவந்தாள்.

"அப்போ... கீழ இருக்கறத எல்லாம்... படிச்சிட்டீங்களா?"

"கீழ இருந்து மேல வர."

"ஐயோ... அத்த யாருமே படிக்க மாட்டாங்கன்னு..." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கு வழியாக ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. "புரோகிராம்ல இன்னா மாத்தினீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் மாத்தாம புது நம்பர் போடறது தப்பு."

"தெரியும். யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு நெனைக்கிய?"

அவள் சிரித்துவிட்டாள். மழைச் சத்தத்தையும் மீறி அது அவனுக்கு மட்டும் கேட்டது. எழுந்து அவன் மெஷினுக்கு வந்து பாஸ்வேர்ட் அடித்தாள். அவள் அடிக்கும்போது அவன் தன் முகத்தை மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"போட்டாச்சு. ஆனா இந்த மெஷின்ல எக்ஸ்டென்ஷனுக்கான டிக்கெல்லாம் நீங்களே எடுத்து வச்சிகீறீங்க. நீங்கதான் போட்டுக்கணும்" என்றாள். ரெண்டடி போனவள் நின்றாள். திரும்பவில்லை. "சாயங்காலம் பஸ்ல பக்கத்துல எடம் போட்டு வைங்க. கொட வாணாம். ஒழுவட்டும்... பேச்சி."

இந்தத் தடவை 'சார்' இல்லை.

அவன், வனமாமலை எங்கேயாவது நிற்கிறானா என்று ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தான். எடிட்டரின் அமைப்புகளைத் திறந்தான். காலிக் கட்டங்களின் நீண்ட வரிசையில் அவள் பெயர் போட்ட வரியைத் தேடி, சத்தம் போடாமல், ஒரு டிக் போட்டான்.