புதிதாக ஏதாவது இருக்கிறதா?

“புது நிரலை நீதான் அனுப்பினே” என்றாள் ஸ்மராந்தா.

“நான் எங்கக்கா அனுப்பினேன்? கையில காப்பி வச்சிருக்கேன், பாருங்க—”

“அப்ப விளக்கு தானா எரியுதா?”

“அதைத்தான் ரெண்டு வருஷமா சொல்றேன், உங்க மெஷினுக்குப் புத்தி மழுங்கிப் போச்சுன்னு. நிமிஷத்துக்கு ஒருக்கா போய், ‘புதுசா ஏதாவது இருக்கா, புதுசா ஏதாவது இருக்கா’ன்னு நிரல் களஞ்சியத்துக் கதவைத் தட்டிக்கிட்டு... மருமக அடுப்படியை மாமியார் எட்டிப் பார்க்குற மாதிரி! இருந்தா களஞ்சியமே நம்மளக் கூப்பிட்டுச் சொல்லிட்டுப் போகட்டுமே.”

“சொல்லும், சொல்லும். அது கூப்பிடணும்னா இங்க ஒரு வாசலைத் திறந்து வைக்கணும். திறந்த வாசல்ல களஞ்சியம் மட்டும்தான் வரும்னு உனக்கு எவன் எழுதிக் கொடுத்தான், கொத்ரின்? நாம போய்க் கேக்கறோம், பதிலை வாங்கிட்டு வர்றோம். வெளியில இருந்து ஒரு ஈ உள்ள வர முடியாது.”

“ஈ வராது சரி. அப்ப இது யாரு?”

இருவரும் வாசலுக்கு மேலே பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாராவது நிரல் எழுதிக் களஞ்சியத்தில் போட்டு, இயந்திரம் அதைக் கண்டெடுத்து வந்து கட்ட ஆரம்பித்தால்தான் அந்த விளக்கு எரியும். இன்றைக்கு எழுத யார் இருக்கிறார்கள்? இக்னாத் நாள், குளிர்காலத்தில் பன்றி அறுக்கும் திருநாள். இயாஷி நகரத்தில் பாதிப் பேர் பன்றி அறுக்க அவரவர் ஊருக்குப் போயாயிற்று. ஆறாம் மாடியில் பதினெட்டு நாற்காலிகளில் பதினாறு காலி. மீதி இரண்டிலும் இருந்தவர்கள் மதியத்திலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை, சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பழைய வேலை எதையாவது நிறுத்தாம விட்டிருக்கீங்களா, அக்கா?”

“இருபத்துநாலு வருஷமா இந்த வேலை பாக்கறேன்” என்றாள் ஸ்மராந்தா. அது பதில் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. இடுப்பு வலித்தது. கண் எரிந்தது. எழுந்து கணினித் திரையைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்குக்கூட உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

கொத்ரின் கோட்டை மாட்டிக்கொண்டான். நாலரை மணி ரயிலில் அவன் பஷ்கானி போக வேண்டும். மாமனார் வீட்டில் நாலு வயது இலின்கா, அப்பா வந்தால்தான் சாப்பிடுவேன் என்று காலையிலிருந்து அடம் பிடிக்கிறாளாம். வாசலில் நின்று கேட்டான்.

“விளக்கு எரியுதே. லிஃப்டுல போலாமா?”

எல்லோரும் கேட்கும் கேள்விதான். அவர்கள் வேலை பார்த்த நிறுவனம் லிஃப்டுகளுக்கு நிரல் எழுதுகிறது. நாம் ஏறாததில் ஊரை ஏற்றக் கூடாது என்பது முதலாளியின் சட்டம்; அதனால் எது புதிதாகக் கட்டப்பட்டாலும் முதலில் இந்தக் கட்டடத்து லிஃப்டில்தான் போய் ஏறும். விளக்கு எரியும்போது கேட்காமல் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள்.

“போ, போ. ரயிலைப் பிடி” என்றாள் ஸ்மராந்தா.

அவன் போன பிறகுதான் திரையைத் திறந்தாள். பின் முற்றங்களில் வைக்கோல் மூட்டிப் பன்றி மயிரைப் பொசுக்கும் வாடை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, ஆறிப்போன காப்பி வாடையோடு கலந்து, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. மணி நாலு ஆகவில்லை, அதற்குள் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பட்டியலில் கடைசியாக ஓடிய வேலையின் பெயரைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

அவள் வைத்த பெயர். ஒன்பது வருடத்துக்கு முன்னால்.

பழைய களஞ்சியத்திடம் போய்க் கேட்கும் வேலை அது. அந்தக் களஞ்சியம் இருந்த சர்வர் கீழே நிலவறையில் இருந்தது; மூன்று வருடத்துக்கு முன் வெள்ளம் புகுந்து கெட்டு, பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போனான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். சர்வர் போயிற்று. கேள்வியை நிறுத்த மறந்துவிட்டாள். மூன்று வருடமாக நிமிடத்துக்கு ஒரு முறை, பதினைந்து லட்சம் முறைக்கு மேல், ஒன்றுமே இல்லாத இடத்தில் போய் இயந்திரம் கேட்டிருக்கிறது: புதிதாக ஏதாவது இருக்கிறதா? ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே மாதிரி. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.

இன்று மூன்று ஐம்பத்திரண்டுக்கு: இருக்கிறது.

எழுதியவர் பெயர், காலி. எழுதிய வரிகள், பூஜ்யம். கட்டி முடிந்தது. அனுப்பப்பட்ட இடம், இந்தக் கட்டடத்து லிஃப்ட்.

நடைக்கோடியில் லிஃப்டின் கதவு மூடும் சத்தம் கேட்டது.

“கொத்ரின்!”

ஐம்பத்தேழு வயது இடுப்பை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் ஓட முடியும்? அவள் போய்ச் சேர்ந்தபோது கதவுக்கு மேலே எண் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று. இரண்டு. ஒன்று. தரைத்தளம். அதற்குக் கீழே நிலவறை ஒன்றுதான்; அதற்கும் கீழே மண். எண் அணைந்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் கம்பிவடம் நிற்கவில்லை. வழுவழுவென்று, அவசரமே இல்லாமல், கிணற்றில் வாளிக்கயிறு விடுவதுபோல ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் மேசையில் தொலைபேசி அடித்தது. லிஃப்டுக்குள் இருக்கும் அபாயப் பொத்தானை அழுத்தினால் அங்கேதான் அடிக்கும். ஓடிப்போய் எடுத்தாள்.

“அக்கா, நிலவறையும் தாண்டிடுச்சு. இன்னும் எறங்குது.”

“பயப்படாதே. இரு. மின்சாரத்தை நிறுத்தறேன்.”

“சீக்கிரம். மூணு மாடியாவது எறங்கியிருக்கும். எப்படிக்கா? கீழ என்ன இருக்கு?”

ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு ஓடி, நடையில் இருந்த பெட்டியைத் திறந்து லிஃப்டின் பெரிய சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். டக் என்றது. கதவு இடுக்கின் வெளிச்சம் செத்தது. வடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மேசைக்குத் திரும்பி ஓடினாள். கேள்வி கேட்கும் வேலையை அழித்தாள். உறுதியாகவா என்று இயந்திரம் கேட்டது. ஆமாம், ஆமாம். பட்டியலிலிருந்து பெயர் மறைந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் திரையில் அடுத்த வரி வந்தது.

இந்த வரி இங்கிருந்து போன கேள்வி அல்ல. பழைய களஞ்சியத்தின் முகவரியிலிருந்து இங்கே வந்திருந்தது.

புதிதாக ஏதாவது இருக்கிறதா?

லிஃப்ட் பதில் சொல்லியிருந்தது. உள்ளே எவ்வளவு பாரம் என்று அளந்து சொல்வது அதன் வேலை. ஓர் ஆள். எழுபத்தெட்டு கிலோ.

ரிசீவரை எடுத்தாள். “கொத்ரின்? இருக்கியா?”

“இருக்கேன்.” குரலில் பதற்றம் குறைந்திருந்தது. “நின்னுடுச்சுக்கா. கதவு திறந்திருக்கு. ஒரே இருட்டு. மயிர் பொசுங்குற வாடை இங்கயும் வருது.”

“வெளிய போகாதே. கால் எடுத்து வைக்காதே, கேக்குதா? ஆளைக் கூப்பிட்டு உன்னைத் தூக்கறேன். இலின்காவை நெனச்சுக்கோ.”

“யாரை?”

நிமிடம் முடிந்தது. மறுபடி அந்தக் கேள்வி. ஓர் ஆள். ஐம்பத்தொரு கிலோ.

“உன் பொண்ணைடா! கொத்ரின், உன் மேல யாராவது கை வைக்கறாங்களா? அங்க யார் இருக்கா?”

“யாரும் ஒண்ணும் பண்ணலை. கேக்கறாங்க, அவ்வளவுதான். பாவம், ரொம்ப நாளா நாம கேட்டோமாம். இப்ப அவங்க முறையாம்.”

“பதில் சொல்லாதே. எது கேட்டாலும் சொல்லாதே!”

ஓர் ஆள். இருபது கிலோ.

அவசர எண்ணை அழைக்கக் கைபேசியை எடுத்தாள். என்னவென்று சொல்வாள்? எந்தத் தளம் என்று கேட்பார்களே.

ஓர் ஆள். நாலு கிலோ.

பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை. வாசலுக்கு மேலே மஞ்சள் விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் திரை மட்டும் வெளுத்துக்கொண்டு நிற்க, அடுத்த வரி வந்தது.

ஓர் ஆள். பூஜ்யம்.

நடையில் வடம் மறுபடி ஓட ஆரம்பித்தது. இந்த முறை மேலே. சுவிட்ச் அவள் இழுத்துவிட்டபடியே கீழே கிடந்தது. லிஃப்ட் கதவுக்கு மேலே எண் எரிந்தது. ஒன்று. இரண்டு. கையில் பிடித்திருந்த தொலைபேசியில் யாரோ மூச்சு விட்டார்கள். மூன்று. நான்கு.

“அக்கா” என்றான் கொத்ரின், காதுக்குப் பக்கத்தில் நிற்பவனைப்போல. “மேல வேற யாராவது இருக்காங்களான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?”